மிச்சத்தில் பிறந்த ஆயில்

தென்கொரியாவின் தென்கிழக்குக் கரையில் உல்சான் என்றொரு துறைமுக நகரம். கப்பல் கட்டும் தளம், கார் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மூன்றும் அங்கே பேருருவில் நிற்கின்றன. சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரோகிராக்கர் என்று ஒரு பகுதி உண்டு. கச்சா எண்ணெயின் கனத்த பாகத்தை ஹைட்ரஜனோடு சேர்த்து, 400 டிகிரி செல்சியசுக்கு அருகே சூடாக்கி, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிட நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் உடைப்பார்கள். டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்கும். எத்தனை உடைத்தாலும் மசியாத ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். அதை மறுபடி உள்ளே திருப்பிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் மலிவான எரியெண்ணெயில் கலந்து தள்ளிவிடுவார்கள். நாமக்கல் கடையில் சாதா ஆயிலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ எஞ்சின் ஆயில் பக்கெட்டுகள் பலவற்றின் பூர்வீகம் இந்த அடிமிச்சம்தான்.

1990களின் நடுவில், பின்னாளில் எஸ்கே என்று பெயர் மாறிய யூகாங் நிறுவனம், உல்சானில் இந்த மிச்சத்தை எடுத்து மசகு எண்ணெய் ஆக்கத் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. அத்தனை வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாண்டி உடையாமல் நின்ற மூலக்கூறு, எஞ்சினுக்குள்ளும் லேசில் உடையாது. கந்தகமும் நைட்ரஜனும் ஏற்கெனவே கழன்றுபோயிருக்கும். மிஞ்சியிருப்பது மெழுகு. நேர்க்கோடாக நீண்ட மெழுகுச் சங்கிலிகள் குளிரில் உறைந்துபோகும். அவற்றைப் பிடித்து வெளியே எறிவது பழைய முறை. ஒரு வினையூக்கியின் மேல் ஓடவிட்டு, சங்கிலிக்குக் கிளை முளைக்கச் செய்வது புதிய முறை. கிளை விட்ட சங்கிலி உறைவதில்லை. சூட்டிலும் அதிகம் இளகுவதில்லை. சூட்டுக்கும் குளிருக்கும் இடையில் பிசுக்குமை எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதைக் காட்டும் எண் ஒன்று உண்டு. அது 120ஐத் தொட்டால் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின், அதாவது ஏபிஐயின், கணக்கில் மூன்றாம் வகை பேஸ் ஆயில், அதாவது சேர்மானம் கலக்காத மூல எண்ணெய். பழைய முறையில் எடுத்த முதல் வகைக்கு 80 இருந்தாலே போதும்.

கச்சா எண்ணெயில் தொடங்கியதை எப்படி ‘சிந்தெடிக்’ என்று சொல்லலாம்? இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒரு வழக்காகவே நடந்தது.

அந்தப் பெயருக்கு முதலில் உரிமை கொண்டாடியவை வேறு எண்ணெய்கள். எத்திலீன் வாயுவிலிருந்து பத்துக் கார்பன் நீளமுள்ள சங்கிலியைக் கட்டி, அதை மும்மூன்றாகவும் நான்கு நான்காகவும் கோத்து எடுப்பது ஒன்று; சுருக்கமாகப் பிஏஓ. சாதாரண எண்ணெய் சலிக்காத ஜல்லி என்றால், இது ஒரே அளவில் வார்த்த குண்டுமணி. அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்யும் எஸ்டர் இன்னொன்று. ஜெட் விமான எஞ்சின்கள் இன்றும் எஸ்டரில்தான் ஓடுகின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆல் அமாட்டுசியோ என்ற போர் விமானி, விமானத்துக்கு ஆகும் எண்ணெய் காருக்கு ஏன் ஆகாது என்று கேட்டு, 1972இல் அம்சாயில் என்ற பெயரில் ஒரு 10டபிள்யூ-40 ஆயிலைக் கொண்டுவந்தார். குளிர்காலத்தில் எஞ்சினைக் கிளப்புவதே பெரும்பாடாக இருக்கும் மாநிலம் அது. கேள்வி அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை. அடுத்த சில ஆண்டுகளில் மொபில் 1 வந்து பிஏஓவை உலகறியச் செய்தது.

1990களின் பிற்பகுதியில் காஸ்ட்ரால் தன் சின்டெக் ஆயிலில் பிஏஓவை எடுத்துவிட்டு மூன்றாம் வகையை ஊற்றியது. டப்பாவில் ‘சிந்தெடிக்’ அப்படியே இருந்தது. மொபில் சும்மா இருக்குமா? விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது: மூலக்கூறின் அமைப்பையே மாற்றிவிட்ட பிறகு அதையும் சிந்தெடிக் என்று சொல்லலாம். மறுநாளிலிருந்து உலகச் சந்தையின் கணக்கு மாறத் தொடங்கியது. பிஏஓ செய்ய ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே அதே பெயர் கிடைக்கிறதென்றால் யார் விடுவார்கள்? ஜெர்மனியில் மட்டும் ‘முழு சிந்தெடிக்’ என்று போடுவதற்குப் பிடி இறுக்கமாகவே நீடித்தது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். நல்ல மூன்றாம் வகை எண்ணெய், நம் ஊர் வெயிலில், பிஏஓவுக்கு அருகில் வந்து நிற்கும். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் அந்தப் பெயர், எண்ணெயின் பிறப்பைப் பற்றிக்கூட அரைகுறையாகத்தான் சொல்கிறது. அதன் வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

உல்சானில் கப்பல் ஏறிய எண்ணெய் மும்பைப் பக்கமோ சென்னை, எண்ணூர்ப் பக்கமோ கரை சேர்கிறது. இந்தியாவிலும் பேஸ் ஆயில் எடுக்கிறார்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை உட்பட. என்றாலும் மூன்றாம் வகையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதான். கொரியாவும் வளைகுடா நாடுகளும் முக்கியமான வாசல்கள். கலப்பு ஆலையில் அதை இளஞ்சூடாக்கி, அடிட்டிவ் என்னும் சேர்மானங்களைக் கலக்கிறார்கள். கனரக டீசல் ஆயிலில் சேர்மானம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். இங்கேதான் ஆயிலின் குணம் தீர்மானமாகிறது. அமிலத்தை முறிக்கக் கால்சியம் அல்லது மக்னீசிய உப்பு. கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியே மிதக்கவைக்க ஒரு பொருள். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிய, துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். 1940களில் கண்டுபிடித்தது, இன்றுவரை இதை முழுதாகத் தள்ளிவைக்க முடியவில்லை. நுரை அடக்கத் துளியூண்டு சிலிகோன். உலகம் முழுக்க இந்தச் சேர்மானத் தொகுப்புகளைச் செய்பவை பெரும்பாலும் நான்கே நிறுவனங்கள்: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், ஷெவ்ரான் ஒரோனைட். கடையில் அடித்துக்கொள்ளும் பிராண்டுகள் பல, உள்ளே ஒரே கைப்பக்குவத்தில் இருக்கலாம்.

அடுத்து நாமக்கல். ஆந்திராவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் அதற்கு அப்பாலும் போகும் லாரிகள், கேஸ் டேங்கர்கள், முட்டை வண்டிகள், பக்கத்தில் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் என்று டீசல் எஞ்சினை நம்பிப் பிழைக்கும் வட்டாரம். ஒரு கார் நான்கு லிட்டரில் ஆயில் சர்வீசை முடித்துக்கொள்ளும். லாரிக்குப் பதினைந்து, இருபது லிட்டர் வேண்டும். ஆகையால் கல்லாவின் முன் நிற்கும் லாரி ஓனர் யோசிக்கத்தான் செய்வார்.

“சிந்தெடிக் நல்லதுங்களா?” என்று கேட்பார்.

அனுபவமுள்ள கடைக்காரர் பதில் சொல்லமாட்டார். “எந்த வண்டிங்க? பிஎஸ் த்ரீயா, ஃபோரா, சிக்ஸா?” என்று திருப்பிக் கேட்பார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருபது வருட டீசல் வரலாறு இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் மூன்றாம் படியான பிஎஸ்-3 காலத்து டீசலில் கந்தகம் 350 பிபிஎம் வரை இருக்கலாம். எரிந்தால் அது கந்தக அமிலமாகி ஆயிலில் இறங்கும். அதை முறிக்கக் கால்சியத்தை அள்ளிப் போட வேண்டியிருந்தது. பிஎஸ்-4இல் 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ்-6இல் 10. அமிலத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. கூடவே புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வந்து உட்கார்ந்தது. எஞ்சினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயிலில் உள்ள கால்சியமும் துத்தநாகமும் சாம்பலாகி அங்கே போய்ச் சேரும். வடிகட்டியில் படிந்த கரியைச் சூடேற்றி எரித்துவிடலாம். ரீஜென் என்று ஓட்டுநர்கள் சொல்வது அதைத்தான். சாம்பல் எரியாது. எரிந்து முடிந்ததால்தானே அது சாம்பல்! அடைத்துக்கொண்டால் வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையா மாற்ற வேண்டும், செலவு பயங்கரம்.

ஆக, பிஎஸ்-3 வண்டிக்குத் தெய்வமாக இருந்த சாம்பல் கூடிய, ஏபிஐ தர வரிசையில் சிஐ-4 பிளஸ் எனப்படும் ஆயில், பிஎஸ்-6 வண்டிக்கு எமனாகிவிடும். 2016 டிசம்பரில் வந்த சிகே-4 தரத்தில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. பக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் இந்தக் குறியீடுதான் ஓனர் முதலில் தேட வேண்டியது. சாதா மினரல் எண்ணெயில் செய்த சிகே-4 உண்டு. சிந்தெடிக் என்று போட்ட சிஐ-4 பிளஸும் உண்டு. பிஎஸ்-6 வண்டிக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கையில் கிடைக்கிறது என்றால், நான் யோசிக்காமல் மினரலைத்தான் எடுப்பேன். வண்டிக் கம்பெனி தன் புத்தகத்தில் தனி ஒப்புதல் எண் கொடுத்திருந்தால் அதற்குமேல் பேச்சில்லை. சிகே-4உடன் ஒரே நாளில் பிறந்த எஃப்ஏ-4 என்று ஒரு தம்பி உண்டு. அது சில புது எஞ்சின்களுக்கென்றே மெலிதாகச் செய்தது. புத்தகம் சொல்லாமல் அதைப் பழைய எஞ்சினில் ஊற்றினால் பேரிங் தாங்காது.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15டபிள்யூ-40இல் முதல் பாதி குளிருக்கானது. 15டபிள்யூ மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ மைனஸ் 30இலும் கிராங்க் சுற்றும் அளவுக்கு இளக்கமாக இருக்குமா என்று சோதித்துத் தருகிற முத்திரை. நாமக்கல்லில் மார்கழிப் பனிக்கு அதெல்லாம் தேவையே இல்லை. காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றப் போகும் வண்டிக்கு உதவும். நமக்குச் சிந்தெடிக் பயன்படுவது எதிர்த்திசையில், சூட்டில். பிஸ்டனின் மேல் ரிங் பள்ளத்தில் வெப்பம் 250 டிகிரியைத் தொடும். அங்கே சாதா எண்ணெயின் இலகுவான பகுதி ஆவியாகிப் போகும், மிச்சம் கெட்டியாகி ரிங்கைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் வகை எண்ணெய் ஆவியாவதும் குறைவு, ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் மெல்லத்தான். புது எஞ்சின்களின் ஆயில் சர்வீஸ் இடைவெளி பழைய வண்டிகளைவிடப் பல மடங்கு நீண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிந்தெடிக்கை வாங்கி ஊற்றிவிட்டு, பழைய பழக்கத்தில் சீக்கிரமே வடித்துவிடும் ஓனர் காசைத்தான் வடிக்கிறார். சிலிண்டர் போர் தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்கும் இது வீண். அது எந்த ஆயிலையும் மரியாதை பார்க்காமல் குடிக்கும்.

டீசல் மிச்சத்தையும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் 25,000 லிட்டர் டீசல் ஆகும். புத்தகம் அனுமதிக்கும் மெலிந்த கிரேடுக்கு மாறி நூற்றுக்கு ஒன்று மிஞ்சினால் 250 லிட்டர்; லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய். ஆயில் விலை வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போடுகிற ஓனர் குறைவு. பல பட்டறைகளில் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது மெக்கானிக்தான். மூடிக்குள் இருக்கும் டோக்கனும், ஸ்கேன் செய்தால் ஏறும் பாயிண்டும் அந்தத் தேர்வில் பங்கு பெறுவது ஊரறிந்த ரகசியம். காலி பக்கெட்டுக்கும் விலை உண்டு. அதில் டூப்ளிகேட் ஊற்றி விற்பவர்கள் இருப்பதால், விவரமான ஓட்டுநர் காலி பக்கெட்டை ஒரு ஓட்டை போட்டுவிட்டுத்தான் எறிவார்.

எஞ்சினின் அடியில் உள்ள சம்ப்பில் இறங்கிய ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். “கெட்டுப்போச்சு, மாத்திடலாம்” என்பார்கள். டீசல் எஞ்சினில் அது கெட்டதற்கு அறிகுறி அல்ல. கரியை அடியில் படியவிடாமல் தூக்கிச் சுமக்கிறது என்று பொருள். நிறத்தைப் பார்த்து ஆயிலை எடைபோட முடியாது. பெரிய டிரான்ஸ்போர்ட்காரர்கள் கொஞ்சம் ஆயிலை எடுத்து லேப்பில் கொடுத்து, அதில் இரும்பு எவ்வளவு, கரி எவ்வளவு, அமிலத்தை முறிக்கும் திறன் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்கிறார்கள். டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதைப் பார்த்துப் பயந்த தலைமுறைக்கு இப்போது ஒரு புது வியாதி: அளவு ஏறுவது. சில எஞ்சின்களில் ரீஜெனுக்காகச் சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துவிடும். எந்தச் சிந்தெடிக்கும் அதைத் தடுக்காது. பாதியில் எஞ்சினை அணைக்காமல் ரீஜெனை முடிக்கவிடுவதுதான் வழி.

ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் கறுப்பு ஆயிலுக்கு அதன் பிறகும் வாழ்க்கை உண்டு. கொஞ்சம் சென்ட்ரிங் தகட்டில் கான்கிரீட் ஒட்டாமல் தடவப் போகும், கொஞ்சம் கரையான் அரிக்காமல் மரத்தில் பூச, இன்னும் கொஞ்சம் சட்டத்துக்குப் புறம்பாக அடுப்பில் எரிய. இவற்றையெல்லாம்விட நல்ல வழி மறுசுத்திகரிப்பு. பேஸ் ஆயிலின் மூலக்கூறுகளில் பெரும்பகுதி சிதையாமல்தான் இருக்கின்றன. கரியையும் டீசலையும் செத்துப்போன சேர்மானத்தையும் பிரித்துவிட்டால் மறுபடி பேஸ் ஆயிலே. 2024 ஏப்ரல் முதல் இந்தப் பொறுப்பை ஆயில் விற்கும் நிறுவனங்களின் தலையில் மத்திய அரசு கட்டியிருக்கிறது. 5 சதவீதத்தில் தொடங்கி 2030-31க்குள் 50 சதவீதம் என்று இலக்கு. பட்டறை மூலையில் நிற்கும் பேரலில் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், மழைத்தண்ணீர் எல்லாமே ஒன்றாய்க் கிடக்கின்றன. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது தண்ணீர் கலந்திருக்கிறதா என்று. கலந்திருந்தால் விலையைக் குறைப்பார். சிந்தெடிக் என்பதற்காக ஒரு ரூபாய்கூட ஏற்றமாட்டார்.