கூவாகத்துக் களப்பலியும் கைம்மையும்

சித்திரை மாதம் வந்தால், தென்னார்க்காட்டுப் பகுதியில் ஊழியஞ்செய்யும் குருமாரிடம் கூவாகம் திருவிழாவைப் பற்றிச் சபையார் கேட்கக்கூடும். நம்மவர் விடை பெரும்பாலும் ஒரு முகச்சுளிப்போடு முடிந்துவிடுகிறது. திருநங்கையர் கூடும் ஓரிரவுக் கேளிக்கை என்பதற்கு மேல் அவ்விழாவில் நாம் எதையும் காண்பதில்லை. விழாவின் வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்விடை போதாது.

கூவாகம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துச் சிற்றூர். களமருதூர் முதலிய ஊர்களைப் போலவே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து, 1993இல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது. அங்குக் கோயில் கொண்டிருக்கும் கூத்தாண்டவர், பாரதக் கதையில் வரும் அரவானே என்பது மக்கள் கொள்கை.

வடமொழிப் பாரதத்தில் இவனுக்கு இராவான் என்று பெயர். அருச்சுனனுக்கும் நாககன்னிகை உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாட்போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகிறான். அவன் பலியானதாக அங்கே பேச்சில்லை. தமிழிலோ, ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் களப்பலியாகிறான். பின்வந்த வில்லிபுத்தூராரும் அதனைப் பாடினார். போருக்கு முன் காளிக்குப் பலியிட்டவர்க்கே வெற்றி. முப்பத்திரண்டு இலக்கணங்களும் அமைந்தவனே பலிக்கு உரியவன். பாண்டவர் பக்கத்தில் அத்தகையோர் கண்ணன், அருச்சுனன், அரவான் என மூவர் என்பது மரபு. முதல் இருவரை இழக்க யார் உடன்படுவர்? எஞ்சியவன் நாகப்பெண்ணின் மகன். இலக்கணத்தில் மூவரும் சமமானவர்; ஆயின் இழப்பதற்கு எளியவன் ஒருவனே. கதை இதனை வெளிப்படச் சொல்வதில்லை, கேட்போர் உணர்ந்துகொள்கின்றனர்.

மோகினித் திருமணம் வில்லியாரிடத்தில் இல்லை. அது கூத்தாண்டவர் வழிபாட்டு மரபு சேர்த்தது. மணமாகாமல் சாக அரவான் விரும்பவில்லை. நாளை சாகிறவனுக்குப் பெண் கொடுப்பாரும் இல்லை. ஆகவே கண்ணனே மோகினி வடிவில் ஓரிரவு மனைவியாகி, மறுநாள் கைம்பெண்ணாய் அரற்றுகிறான். புலவர்கள் பலியைப் பாடினார்கள். பலியானவனுக்காக அழுவது யார் என்று கேட்டது நாட்டுப்புறம். கூவாகம் விழா முழுவதும் அக்கேள்வியின் மேல் நிற்கிறது என்பது என் துணிபு.

சாகை வார்த்தல் என்னும் கூழ் வார்ப்போடு விழா தொடங்கிப் பதினெட்டு நாள் நடைபெறுகிறது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய இரவில் தாலி கட்டிக்கொள்கின்றனர். திருநங்கையர் மட்டுமல்லர்; நேர்த்திக்கடன் கொண்ட சுற்றுவட்டார ஆண்களும் சிறுவர்களும் கூத்தாண்டவர் பெயரால் தாலி அணிகின்றனர். செய்தித்தாள்கள் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நோய் தீர வேண்டும், பிள்ளைப் பேறு வேண்டும், விளைச்சல் வேண்டும் என்பனவே அவர்தம் வேண்டுதல்கள். மறுநாள் அரவானின் பேருருவைத் தேரில் அமைத்து இழுக்கின்றனர். தேர் அழிகளம் சேர்ந்ததும் அவனுடைய அலங்காரம் களையப்படுகிறது. தாலி அறுபடுகிறது, வளையல் உடைபடுகிறது, முந்திய இரவில் மணப்பெண்ணாய் நின்றவள் மார்பிலடித்து ஒப்பாரி வைத்து, நீராடி, வெள்ளைப் புடவை உடுத்துகிறாள். அவ்விடத்தை அழுகளம் என்போரும் உளர். கேளிக்கையைக் குறைகூறும் நம்மவருள் இந்த அழுகையைக் கேட்கும்வரை அங்கு நின்றவர் எத்தனை பேர்?

நமது முன்னோர் இத்தெய்வத்தை அறியாதிருந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. சென்னைப் பேராயராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட், தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி 1916இல் வெளியிட்ட நூலில் கூத்தாண்டவரைக் குறித்திருக்கிறார். பிராமணனைக் கொன்ற பாவத்தால் இந்திரனே தலை மாத்திரமான தெய்வமானான் என்ற வேறொரு கதையும் வழங்கியதுண்டு. ஒரே தலைக்கு இரு வரலாறுகள். இத்தகைய தெய்வங்களுக்கு ஒரே மூலத்தைத் தேடிப்பிடிக்க முயல்வோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

அரவானைக் கிறிஸ்துவின் பலிக்கு நிழலாகக் காட்டும் பிரசங்கம் எழுதுவது எளிது. மாணவர்கள் அதனைத் தவிர்ப்பது நன்று. களப்பலி ஒரு படையின் வெற்றிக்காகக் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் அவனுடைய உறவினர். பலியானவனைக் கொண்டாடுவதைவிட அவனுக்காகத் துக்கங்கொண்டாடுவதையே கூவாகம் முதன்மையாக்குகிறது. ஒப்புமை தேடுவோர் கல்வாரியை விட்டு, யெப்தாவின் மகளுக்காக ஆண்டுதோறும் நான்கு நாள் புலம்பிய இஸ்ரவேலின் குமாரத்திகளை நியாயாதிபதிகள் பதினோராம் அதிகாரத்தில் காணட்டும். அவளும் தகப்பனுடைய போர்வெற்றிக்கு விலையானவள், அவளும் மணமாகாதவள்.

அரவானின் மனைவியர் என்னும் பொருளில் வழங்கிய ‘அரவாணி’ என்ற பெயர் இவ்விழாவினின்றே பிறந்தது. ‘திருநங்கை’ என்ற சொல் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. தமிழக அரசு 2008இல் அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. நம் வேதாகமத்திலோ, ஏசாயா 56இல் ‘அண்ணகன்’ என்ற சொல் நிற்க, அப்போஸ்தலர் நடபடிகள் 8இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியன் பழைய மொழிபெயர்ப்பில் ‘மந்திரி’ ஆகிவிட்டான். கிரேக்க மூலம் அவனையும் அண்ணகன் என்றே அழைக்கிறது. எத்தனை தலைமுறைச் சபையார் இதனை அறியாமலே அப்பகுதியைக் கேட்டிருக்கின்றனர்!

கொள்ளைநோயால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் கூவாகத்தில் மக்கள் கூடவில்லை. 2022இல் மீண்டும் தேர் ஓடிற்று. அழிகளத்தில் மீண்டும் தாலிகள் அறுபட்டன.