ஈவுத்தொகை

நிறுவனம் தன் லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் பணம். 'ஈ' என்ற வினையடியில் பிறந்தது ஈவு. கொடை என்று பொருள். பள்ளிக் கணக்கில் வகுத்து வரும் விடையும் ஈவுதான். ஈவுத்தொகையின் ஆங்கிலப் பெயரான டிவிடெண்ட் என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'பிரிக்க வேண்டியது' என்று பொருள். மலையாளத்தில் பங்கு 'ஓஹரி', ஈவுத்தொகை 'லாபவிஹிதம்'.

பெயரில் கொடை இருந்தாலும் வரி உண்டு. 2020 மார்ச் வரை நிறுவனமே பகிர்வு வரி கட்டியது. ஏப்ரல் 1 முதல் ஈவுத்தொகை பங்குதாரரின் வருமானத்தோடு சேர்கிறது, அவரவர் விகிதப்படி வரி. ஒரே நிறுவனம் ஆண்டில் 12,000 ரூபாய் தந்தால், 10 சதவீத வரியாக 1,200 முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 10,800 கைக்கு வரும். இந்தப் பிடித்தத்துக்கான வரம்பு 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபாய். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கு தாக்கலில் கழித்துக்கொள்ளத் தவறாதீர்கள்.