விளிம்பு என்றால் ஓரம்: திருப்பூரிலிருந்து வாசிப்பின் சரித்திரத்துக்குச் சில குறிப்புகள்

ஆசிரியன் இறந்துபோனான், வாசகன் பிறந்துவிட்டான் என்று ரோலான் பார்த் 1967-இல் எழுதியதைத் தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகள் எத்தனை தரம் திருப்பிச் சொல்லியிருக்கும் என்று கணக்கு வைத்தவர் யாருமில்லை. அந்த வாசகன் எந்த ஊரில், எந்தத் தெருவில் பிறந்தான், எத்தனையாம் வகுப்போடு நின்றான் என்று மட்டும் நாம் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் தோன்றியதில்லை. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டுப் பிரதி, வாசிப்பு, விளிம்பு என்ற சொற்களைக் கூச்சமில்லாமல் புழங்கிக்கொண்டிருந்தவன்தான் நானும்.

2022-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலனாகத் திருப்பூரில் ஒரு லைன் வீட்டு வாசலில் சாயங்காலம் உட்கார ஆரம்பித்தேன். வந்த பிள்ளைகளில் ஒருவன் ஏழாம் வகுப்பு. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த காலத்தில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவன். டெய்லருக்குப் பீஸ் எடுத்துக் கொடுப்பது, மடிப்பது, பிசிறு வெட்டுவது. சைஸ் லேபிளைப் பார்த்து எம், எல், எக்ஸெல் என்று பிரித்து அடுக்க அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அவன் முன்னால் ஒரு தமிழ்ப் பத்தியை வைத்தேன். வி... ளி... ம்... பு. நாலு எழுத்தும் சரி. என்னடா அர்த்தம் என்றால், “தெரியலீங்க சார்.” என் சட்டையின் கீழ்மடிப்பைப் பிடித்துக் காட்டினேன். “அட, ஓரமுங்களா! அதத்தானுங்க நாம் பூரா நாளும் புடிச்சிட்டு நிப்பேன்” என்றான்.

விளிம்புநிலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தடுமாறும் குழந்தைக்கு எழுத்து தெரியவில்லை, மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பி என்பதுதான் நம் பள்ளிக்கூடத்தின் ஒரே வைத்தியமாக இருந்துவருகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம், எழுத்தைப் பிடித்தால் வாசிப்பு தானாக வரும் என்ற பெருமிதம் நமக்கு உண்டு. ஆனால் அந்த நம்பிக்கைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது எப்போதும் இப்படியே இருந்ததில்லை.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணலில் விரலால் எழுத்தைப் பழகினான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடம். மேலே போனால் நிகண்டு. திவாகரம் தொடங்கிச் சூடாமணி வரை நிகண்டு என்பது செய்யுளில் கட்டிய சொல்மூட்டை. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள்வாரியாகக் கூட்டம் கூட்டமாகச் சொற்கள். ஒரு சொல்லை இழுத்தால் அதன் பங்காளிகள் எல்லாம் கூடவே வரும். சொல்லைத் தனியாகக் கொடுக்காதே, உறவோடு கொடு என்று இன்று சொல்வளம் பற்றி ஆராய்கிறவர்கள் சொல்வதற்கு இது ரொம்ப தூரமில்லை.

இதைச் சொன்னதும் பழம்பெருமைக்காரர்கள் கைதட்டத் தயாராகிவிடுவார்கள். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய கணக்கைத் தரம்பால் 1983-இல் ‘அழகிய மரம்’ நூலில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். சூத்திரர் என்று பதியப்பட்டவர்களே அங்கே அதிகம் படித்தார்கள் என்று அவர் காட்டியது முக்கியம்தான். ஆனால் அந்த மரத்தின் நிழலில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை. பெண்பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படி. நிகண்டு தந்த சொல்லும் புலவனின் சொல், உழவனின் சொல்லல்ல. திண்ணைக்குத் திரும்பு என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லைக் கற்பிப்பது வாசிப்பில் சேர்த்தி என்ற ஞாபகம் ஒரு காலத்தில் இருந்தது, அவ்வளவே.

1787-இல் சென்னைக்கு வந்து எழும்பூர் ராணுவ அனாதை ஆசிரமத்தைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைத் தன் பள்ளியில் நடத்தி, 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. குறைந்த செலவில் நிறைய பேருக்கு எழுத்து. ஆலைத்தொழில் பெருகிய நாட்டுக்கு அது தோதாக இருந்தது. சட்டாம்பிள்ளையும் மணலும் கப்பலேறினார்கள். நிகண்டு ஏறவில்லை. பிறகு நமக்கு வந்து சேர்ந்த நவீனப் பள்ளியிலும் அது திரும்பி வரவில்லை. பாடத்தின் கடைசியில் ‘அருஞ்சொற்பொருள்’ என்று நாலைந்து சொல்லாகச் சுருங்கி உட்கார்ந்தது. அருஞ்சொல் எது என்று தீர்மானித்தவர் வீட்டில் ‘ஓரம்’ என்று சொன்னார்களா ‘விளிம்பு’ என்று சொன்னார்களா என்பது யாரும் கேட்காத கேள்வி.

1986 ஒரு விசித்திரமான வருஷம். அந்த வருஷம் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வாசிப்புக்கு ஒரு சின்னச் சூத்திரம் சொன்னார்கள்: எழுத்தை அவிழ்க்கும் திறன், மொழியைப் புரியும் திறன் இரண்டின் பெருக்கல்தான் வாசிப்பு. கவனியுங்கள், கூட்டல் அல்ல, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் 247 இருந்தும் விடை பூஜ்யம். அதே வருஷம் கீத் ஸ்டானோவிச், உள்ளவனுக்கே கொடுக்கப்படும் என்கிற மத்தேயு சுவிசேஷத்தின் பெயரை வாசிப்புக்கு வைத்தார். சொல் தெரிந்த பிள்ளை வாசிக்கிறது; வாசிப்பதால் இன்னும் சொல் சேர்கிறது. தெரியாதது வாசிப்பைத் தவிர்க்கிறது. இடைவெளி வட்டிபோலக் குட்டி போடுகிறது.

அதே 1986-இல்தான் இங்கே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தடைசெய்த தொழில்களின் அட்டவணையில் துணி நெசவு, சாயம், அச்சு எல்லாம் இருந்தன. பனியன் தைக்கிற வேலைக்கு அதில் சொல் இல்லை. சொல் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளையும் இல்லை. திருப்பூரிலோ அது ஏற்றுமதி கொழுக்க ஆரம்பித்த சமயம். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர். அதன் பிறகான வருஷங்களில் வேலை சின்னச் சின்ன ஜாப் ஒர்க் ஷெட்டுகளாகச் சிதறியது. கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம், செக்கிங் ஓரிடம். சிதறிய ஒவ்வொரு ஷெட்டுக்கும் கைமடிக்க ஒரு பொடியன் தேவைப்பட்டான்.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது அதன் குறி 15 முதல் 35 வயது. அந்த அலையில் வந்த அறிவொளிக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றதை மறக்க முடியாது. ஆனால் கம்பெனியில் நிற்கும் 12 வயதுப் பையன் பள்ளிக்கும் வெளியே, முதியோர் கல்விக்கும் வெளியே. அவனுக்காக அதே வருஷம் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு அது சூடுபிடித்தது. திருப்பூர் வட்டாரத்திலும் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. மதியச் சோறு, கொஞ்சம் உதவித்தொகை. ஐந்து வருஷப் படிப்பை இரண்டு மூன்று வருஷத்தில் முடித்துப் பெரிய பள்ளிக்கு அனுப்புவது. சோறும் இடமும் முக்கியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய பள்ளிக்குப் போன பிள்ளை அங்கே சந்தித்தது எழுத்தை அல்ல, புத்தகத் தமிழை. 2016 திருத்தம்தான் 14 வயதுக்குட்பட்டோரை எல்லா வேலையிலிருந்தும் விலக்கியது, அதுவும் குடும்பத் தொழிலுக்கு வாசலைத் திறந்துவைத்து. சிறப்புப் பள்ளித் திட்டம் 2021-இல் சமக்ர சிக்ஷாவில் கரைந்துபோயிற்று.

இடையில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல், அவரவர் வேகத்தில் ஏணிப்படி ஏறலாம் என்றது. ரிஷிவேலியிலிருந்து வந்த நல்ல யோசனை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்தது. நிலைபிரிப்பது தப்பில்லை, கன்னட எழுத்தை ஆராய்ந்த சோனாலி நாக், இந்த மாதிரி எழுத்துமுறை முழுக்கப் படிய நாலாம் வகுப்பு வரைகூட ஆகும் என்று காட்டியிருக்கிறார். நம் வாத்தியார்களோ ரெண்டாம் வகுப்பிலேயே மக்கு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் ஏணியில் எழுத்துக்குப் படி இருக்கிற அளவுக்கு, பிள்ளை வாயிலிருக்கும் சொல்லிலிருந்து புத்தகச் சொல்லுக்குப் போகப் படி போதவில்லை என்பதுதான் வாசலில் உட்கார்ந்து பார்த்த என் அபிப்பிராயம்.

‘போய்ட்டிருந்தப்ப’ என்று பேசுகிற வாய்க்கு ‘போய்க்கொண்டிருந்தபோது’ என்பது பதினோரு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கடைசிக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். அதனால் நான் தலைகீழாக ஆரம்பித்தேன். பாவ்லோ பிரேரே பிரேசில் விவசாயிகளிடமும், சில்வியா ஆஷ்டன்-வார்னர் நியூசிலாந்தின் மாவோரிக் குழந்தைகளிடமும் செய்ததுதான், புதுசு ஒன்றுமில்லை. பிள்ளை சொல்வதை அப்படியே எழுதி, அவனையே வாசிக்கச் சொல்வது. “நேத்து ஒன்றர சிப்ட்டு, அம்மா வர ராத்திரி ஆச்சு.” தடங்கல் இல்லாமல் வாசித்தான். அவன் வாக்கியமாச்சே. பிறகு ஒரு நோட்டை நீளவாக்கில் மூன்றாக மடித்தோம். முதல் மடியில் கம்பெனிச் சொல், அடுத்து வீட்டுச் சொல், அதற்கடுத்து புத்தகச் சொல். பாட்டம், ஓரம், விளிம்பு. டேமேஜ், ஓட்டை, சேதம். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஐந்தும் அந்த வாரம் கதையில் வரணும், சண்டையில் வரணும், விடுகதையில் வரணும்; ஒருதரம் அர்த்தம் சொல்லி விட்டால் மறுநாள் காற்றில் போய்விடுகிறது. பத்தியை முதலில் நான் வாசிப்பேன், அப்புறம் எல்லோரும் சேர்ந்து, அப்புறம் தனித்தனியாக. சில சொற்களுக்கு மூன்றாவது மடி நிரம்பவே இல்லை. கைமடிக்குப் புத்தகச் சொல் என்ன என்று கேட்டான். எம்.ஏ. படிப்பில் அது இல்லை.

ஐந்தாறு மாதத்தில் நாலு பேர் தாமாகக் கதை எடுத்து வாசித்தார்கள். ஒருவன் நின்றுவிட்டான், கம்பெனிக்கு. முறை வென்றது என்றெல்லாம் எழுத எனக்குத் தைரியமில்லை.

கடைசியில் ஒரு ஒடியாக்காரப் பெண்பிள்ளை வந்து சேர்ந்தது, மூன்றாம் வகுப்பு. நோட்டைப் பார்த்துவிட்டு, தனக்கு மட்டும் நாலாக மடித்துக்கொண்டது. நாலாவது மடியில் அது எழுதியதைத் திருத்த எனக்கு எழுத்து தெரியாது. அதன் அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்.