ஜவ்வாது மலை: உலகமயமாக்கலும் சமூகப் பாதுகாப்புச் சீர்திருத்தமும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்கு ஜமுனாமரத்தூர் தலைமையிடம். மலைவாழ் மக்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். தமிழே அவர்களுடைய தாய்மொழி. சாமை, கேழ்வரகு, தினை முதலிய மானாவாரிப் பயிர்களும் புளி, பலா, தேன், கடுக்காய் போன்ற வன விளைபொருள்களும் பழைய வாழ்வாதாரம். மழைக்காலப் பயிர் வீட்டுக்கு வந்தபின் மிஞ்சும் மாதங்களுக்கு வெளியூர் வேலைதான் கதி.

உலகச் சந்தை இம்மலைக்குத் தொழிற்சாலையாகவோ ஏற்றுமதி வளாகமாகவோ வரவில்லை. முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிச் செல்லும் மேஸ்திரியின் வண்டியாக வந்தது. அரசின் பாதுகாப்புத் திட்டங்களோ பெரும்பாலும் வீட்டு முகவரியோடு கட்டப்பட்டவை. 1991க்குப் பிறகு இம்மலையில் நடந்த சீர்திருத்தங்களை மதிப்பிட இந்த முரணே சரியான அளவுகோல்.

வெளியூர் வேலை

குடகு, சிக்மகளூர், ஹாசன் பகுதிகளின் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்தின் மிளகுத் தோட்டங்களுக்கும் குடும்பம் குடும்பமாகச் செல்வது நெடுநாள் வழக்கம். திருப்பூர்ப் பின்னலாடைக்கும் நகரக் கட்டுமான வேலைக்கும் இளைஞர்கள் போகிறார்கள். காப்பி விலையை லண்டன், நியூயார்க் சந்தைகள் தீர்மானிக்கின்றன. 1989இல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை குலைந்தது. 1990களின் நடுவில் இந்தியக் காப்பி வாரியத்தின் கொள்முதல் ஏகபோகமும் முடிவுக்கு வந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக விலை சரிந்தபோது தோட்டக்காரர்களின் நெருக்கடி எல்லோராலும் பேசப்பட்டது. பருவக்கூலிகளின் நெருக்கடிக்கு அந்தப் பேச்சில் இடம் குறைவு. பெற்றோருடன் செல்லும் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்பது இப்பெயர்வின் இன்னொரு விலை. மலைகளில் உண்டு உறைவிடப் பள்ளிகள் அவசியமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்மரம் இதனினும் கொடிய கதை. பெரும்பாலும் ஆந்திரத்தின் சேஷாசலம் முதலிய மலைகளில் இயற்கையாக வளரும் இம்மரத்துக்குச் சீனாவில் அறைகலனுக்காகவும் ஜப்பானில் இசைக்கருவிக்காகவும் தேவை உண்டு. 1995 முதல் அழிவாபத்து உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சட்டவழி வணிகம் சுருங்கியதும் கடத்தல் பெருகியது. மரம் வெட்டும் திறனும் கையில் காசில்லாத நிலையும் சேர்ந்திருந்த மலைக் கிராமங்களைத் தரகர்கள் தேடி வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே ஆந்திரச் சிறப்பு அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர்களே அவர்களில் மிகுதி. ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை சொன்னதை மனித உரிமை அமைப்புகள் மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரித்தது. பல கை மாறும் இந்த வணிகத்தில் துப்பாக்கிக்கு முன் நின்றவர்கள் கடைசிக் கண்ணியான கூலிகள் மட்டுமே. சட்டத்துக்குப் புறம்பான வேலைக்கு நலவாரியமோ விபத்துக் காப்பீடோ கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரேஷன் அரிசி

1991இன் அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தொடர்ந்து மானியங்களைக் குறைக்கும் நெருக்குதல் வந்தது. 1997இல் மத்திய அரசு பொது வினியோகத்தை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்குமான வினியோகத்தைத் தொடர்ந்தது; 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுகிறது. ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை இந்த முப்பதாண்டுகளில் எடுக்கப்பட்ட மிகப் பயனுள்ள முடிவு இதுவே எனலாம். ஏழை என்று நிரூபிக்க அடிவாரம் இறங்கி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிய கட்டாயம் நேரவில்லை. 2013 டிசம்பரில் பாலியில் நடந்த உலக வணிக அமைப்பின் மாநாட்டில் உணவு இருப்புக்கான கொள்முதலுக்கு இந்தியா தற்காலிகக் காப்பு பெற்றது. மலைக்கடை அரிசியும் அத்தகைய இருப்பிலிருந்தே வருகிறது என்றாலும், அந்தப் பேச்சுவார்த்தையோடு அதற்குள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் அரிசி அட்டைதாரர் எவரும் நீக்கப்படவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அரிசி எளிதாகக் கிடைத்ததும் சாமைச் சோறும் களியும் அன்றாடத் தட்டிலிருந்து விலகின. அதே சாமை இன்று நகரக் கடைகளில் உடல்நலப் பொருளாக நல்ல விலைக்கு விற்கிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. ஆனாலும் உமி நீக்கும் இயந்திரமும் சேமிப்புக் கிடங்கும் யார் கையில் இருக்கின்றனவோ, இலாபத்தின் பெரும்பங்கும் அங்கேதான் தங்கும்.

நூறு நாள் வேலை

2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. வேலூர் மாவட்டம் 2008 வரை காத்திருந்தது. அதாவது ஒரே மலையில் ஒரு சரிவுக்கு வேலை உரிமை வந்தபோது அடுத்த சரிவுக்கு வரவில்லை. மாவட்ட எல்லையைக் கொண்டு உரிமையை அளந்ததன் விளைவு இது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதும் ஊரிலேயே வேலை என்பதும் பெண்களை ஈர்த்தன. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் மனித நாள்களில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் பெண்களுடையவை. ஆனால் நூறு நாள் கூலி, பருவம் முழுவதற்கும் மேஸ்திரி கையில் வைக்கும் முன்பணத்துக்கு ஈடாகவில்லை.

பின்வந்த சீர்திருத்தங்கள் திட்டத்தைக் கணினிக்குள் கொண்டு சென்றன. 2023 ஜனவரி முதல் பணித்தள வருகை கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை படத்தோடு பதிவாக வேண்டும். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியிலான கூலிப் பட்டுவாடா கட்டாயமானது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத மலைக் குக்கிராமத்தில் அதன் சுமை வேலை செய்தவர் மீதே விழுகிறது.

சான்று, நிலம், சாலை

பழங்குடிச் சலுகைகளுக்குச் சாதிச்சான்று வாயில். பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் பழைய மாவட்டங்களுக்கு மட்டும் பொருந்தும். ஜவ்வாது மலை பழைய வட ஆர்க்காட்டில் அடங்கியதால் தப்பியது. ஈரோடு மாவட்ட பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்கு அந்தத் தகுதி இல்லாமல் போனது. நில உரிமையிலும் காலம் கடந்தது. வன உரிமைச் சட்டம் 2007 இறுதியில் நடைமுறைக்கு வந்தாலும், சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்கல் முடங்கியது. 2016இல் உச்சநீதிமன்றம்தான் தடையை விலக்கியது.

அரசு மருத்துவக் காப்பீடு 2009 முதல் மாநிலத்தில் உண்டு. ஆனால் 2023 மே மாதம் வேலூர் மாவட்ட அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்தது. சாலை இல்லாததால் உடலைத் தாய் சுமந்து மலையேறினார். காப்பீட்டு அட்டையால் அந்தத் தொலைவைக் குறைக்க இயலாது.

அண்மைய மாற்றங்கள்

2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இணைந்தது. குடகுத் தோட்டத்தில் இருப்பவர் அங்கேயே அரிசி வாங்கலாம் என்பது முகவரிக் கட்டைத் தளர்த்திய முதல் பெரிய முயற்சி. எனினும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்வரும் அட்டைக்கே இது செல்லும். மாநில அரசு தன் செலவில் அரிசி தரும் அட்டைகள் எல்லை தாண்டினால் பயனற்றவை. மாநிலம் தரும் பருப்பும் பாமாயிலும் அப்படியே. பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. வங்கிக் கணக்குக்கு வருவதால் தோட்டத்தில் இருந்தாலும் தவறாமல் சேர்கிறது.

2025 டிசம்பரில் வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நாள்கள் 125 ஆகின்றன. செலவை மத்திய அரசும் பெரும்பாலான மாநிலங்களும் 60க்கு 40 எனப் பகிர வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். அந்த 60 நாள் மலையின் சாமைப் பருவத்தை ஒட்டி அமையுமா, அடிவாரத்து நெல்லை ஒட்டி அமையுமா என்பது மாநில அரசின் அறிவிக்கையைப் பொறுத்தது.