கேள்விக்குப் பதில் சொன்னால் காசு - ஒரு சிறு வரலாறு

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், சர்வேக்குப் பதில் சொன்னால் போதும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இது ஏதோ இண்டர்நெட் வந்த பிறகு முளைத்த தொழில் என்று நினைக்கிறோம். இல்லை நண்பர்களே! ஊரைப் பற்றிய தகவலுக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் நம் பகுதியில் மிகப் பழையது. உத்திரமேரூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இங்குள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலைத்தான் சொல்வார்கள். அதே கல்வெட்டில் கணக்கு எழுதுபவருக்கும் விதி இருக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே சபையின் பெரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வேறு ஆளை வைத்து முடிக்கக் கூடாது. நேர்மையானவர் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் மறுபடி அந்த வேலை கிடைக்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தலிலேயே நிற்க முடியாது. தகவல் வைத்திருப்பவன் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம்.

அடுத்து 18ஆம் நூற்றாண்டு. 1763ல் ஆற்காடு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். உத்திரமேரூரும் அதற்குள் அடக்கம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற என்ஜினியர் அங்கிருந்த சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், எவ்வளவு நிலம், எத்தனை ஏரி என்று எல்லாம் பதிவானது. பர்னார்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள்தான் ஆதாரம். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு மானிய நிலம் உண்டு, அறுவடைக் களத்தில் நெல்லில் பங்கும் உண்டு. அதாவது தகவலைக் காப்பவனுக்கு ஊரே கூலி கொடுத்தது. ஆனால் அந்தத் தகவலால் லாபம் அடைந்தது வரி வசூலித்த கம்பெனி!

அதற்குப் பிறகு நம்மைப் போன்ற மாணவர்களின் முறை. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ல் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அவரவர் ஊர் நிலவரத்தை எழுதி வரச் சொன்னார். 1918ல் அது புத்தகமாக வந்தது. அதில் வரும் ஊர்களில் ஒன்று காஞ்சிபுரத்தை அடுத்த தூசி. 1936-37ல் அதே ஊர்களை மறுபடியும் ஆய்வு செய்தார்கள். இந்தியக் கிராமம் எப்படி மாறியது என்று படிப்பவர்கள் இன்றும் இந்த இரண்டையும் புரட்டுகிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் 1950ல் மகலனோபிஸ் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. 1960ல் விக்ரம் சாராபாய் பரோடாவில் ஓ.ஆர்.ஜி. நிறுவனத்தை ஆரம்பித்தார். சோப்பு, பற்பசை விற்கும் கம்பெனிகளுக்காக மக்களிடம் கேள்வி கேட்பது மெல்ல ஒரு தொழிலானது. இதில் யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள். கம்பெனி ஆய்வு நிறுவனத்துக்குத் தருகிறது. நிறுவனம் கேள்வி கேட்கப் போகிறவருக்குக் கூலி தருகிறது. பதில் சொல்பவருக்கு ஒன்றும் இருக்காது, இருந்தால் ஒரு சிறு அன்பளிப்பு. பணம் எப்போதும் கேட்பவனிடமிருந்து சொல்பவனை நோக்கித்தான் போகும்.

இந்த ஓட்டத்தைத் தலைகீழாக்கிய கதைதான் ஸ்பீக் ஏசியா. சிங்கப்பூரைச் சொல்லிக்கொண்டு 2010ல் இந்தியாவுக்குள் வந்தது. உறுப்பினராக ரூ.11,000 கட்ட வேண்டும். வாரம் இரண்டு சர்வே, ஒவ்வொன்றுக்கும் ரூ.500. வருடத்துக்கு ரூ.52,000! ஆள் சேர்த்தால் தனி கமிஷன். 2011ல் செய்தியாளர்கள் விசாரித்தபோது, வாடிக்கையாளர்கள் என்று சொல்லப்பட்ட பெரிய கம்பெனிகள் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கைவிரித்தன. சுமார் 24 லட்சம் பேர், 2,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது காவல்துறை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பதில்களை வாங்க ஆள் இல்லையென்றால், ஒருவருக்கு ரூ.52,000 கொடுக்க ஏறக்குறைய ஐந்து புதியவர்களின் ரூ.11,000 வேண்டும். 24 லட்சம் பேருக்குக் கொடுக்க 1.2 கோடி பேர் சேர வேண்டும். அவர்களுக்குக் கொடுக்க 6 கோடி பேர். அதற்கடுத்த வருடம் 30 கோடி! நாடே தாங்காது. இப்படிப்பட்ட பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978லேயே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை.

உண்மையான ஆன்லைன் சர்வேக்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் கிடைப்பது டீச்செலவு, சம்பளம் இல்லை. பாதி கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு "நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை" என்று வெளியே அனுப்புவதும் உண்டு.

எங்கள் பக்கம் வேலை தேடும் பிள்ளைகளுக்கு 11,000 என்பது சின்னத் தொகை இல்லை. வட்டிக்கு வாங்கித்தான் கட்டுவார்கள். அதனால் யாராவது சர்வே என்று வந்தால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த உத்திரமேரூர் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். என் பதிலை யார் வாங்குகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கணக்கைக் காட்டாதவனுக்குச் சபையில் இடமில்லை என்றார்கள் அன்று. நம் பர்ஸிலும் இடம் கொடுக்க வேண்டாம்!