இசப்கோல், ஓட்ஸ், சூரணம்... எதுவும் கேட்கலையா? தீராத மலச்சிக்கலுக்கு சரியான சிகிச்சை எது?

டெல்லி சித்தரஞ்சன் பார்க்கில் ஒரு முதியவர். காலையில் கண் விழித்ததிலிருந்து அவருக்கு ஒரே கவலைதான்: இன்னைக்கு மோஷன் போச்சா, இல்லையா? 2015-ல் வெளியான 'பிகு' இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் நடித்த கதாபாத்திரம் அது. தியேட்டரே சிரித்தது.

நானும் சிரித்தேன். எனக்கும் அதே பிரச்னை இருந்ததை பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியிடம்கூட சொல்லவில்லை. அப்போது நான் தெற்கு டெல்லி முனிர்காவில், நான்கு பேருக்கு ஒரே கழிப்பறை இருந்த வாடகை வீட்டில் இருந்தேன். வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பிலேயே பாதி நாட்கள் எழுந்து வந்துவிடுவேன். "தண்ணி நிறைய குடி, கீரை சாப்பிடு" என்றார்கள். இரண்டையும் செய்தேன். வயிறு இன்னும் உப்பியதுதான் மிச்சம்.

காரணம் புரிய ஏழு வருடங்கள் ஆயின. மலச்சிக்கல் என்பது ஒரே நோய் அல்ல. வகை தெரியாமல் எடுக்கும் மருந்து பலருக்கு வேலை செய்வதில்லை.

எதை மலச்சிக்கல் என்கிறது மருத்துவம்?

தினமும் போகவில்லை என்றால் மலச்சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் போனால் மலச்சிக்கல் இல்லை என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை.

மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ரோம் 4' அளவுகோல் 2016-ல் வெளியானது. அதன்படி கீழே உள்ளவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும்:

- வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழிப்பது
- நான்கில் ஒரு தடவைக்கு மேல் முக்க வேண்டியிருப்பது
- ஆட்டுப் புழுக்கை போல, கட்டியாகப் போவது
- போன பிறகும் முழுசாகப் போகவில்லை என்ற உணர்வு
- ஆசனவாயில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வு
- விரலால் உதவி செய்தால்தான் வெளியேறும் நிலை

பிரச்னை ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கி, கடைசி மூன்று மாதங்கள் தொடர்ந்து இருந்தால் அது நாள்பட்ட மலச்சிக்கல்.

இந்தப் பட்டியலில் எண்ணிக்கை ஒரே ஒரு வரிதான். இந்தியர்களில் பெரும்பாலோர் தினமும் ஒரு முறையாவது போகிறவர்கள். தினமும் போய், தினமும் அரை மணி நேரம் முக்குகிறவருக்கும் இது மலச்சிக்கல்தான். "தினமும் போகுதா?" என்ற ஒரு கேள்வியோடு ஆலோசனை முடிந்தால், இவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

ரோம் அறக்கட்டளை 33 நாடுகளில் 73,000-க்கும் அதிகமானோரிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. இணையம் வழியாகப் பதில் சொன்னவர்களில் 11.7 சதவிகிதம் பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. வீட்டுக்கு நேரில் போய்க் கேட்ட நாடுகளில் 6.6 சதவிகிதம். இந்தியா இந்த இரண்டாவது பட்டியலில் வருகிறது.

நாடுகளும் வேறு, கேட்ட முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்று "மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டால், எத்தனை பேர் ஆமாம் என்போம்?

மூன்று வகைகள் என்னென்ன?

வேறு நோயாலோ மருந்தாலோ வராத மலச்சிக்கலை மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

1. குடல் வழக்கமான வேகத்தில்தான் நகர்த்துகிறது. ஆனாலும் மலம் கட்டியாகிறது, போவது சிரமம். பலருக்கும் இருப்பது இதுதான்.

2. பெருங்குடல் மெதுவாக நகர்த்துகிறது. மலம் உள்ளேயே பல நாட்கள் தங்கி, நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. போக வேண்டும் என்ற உந்துதலே வராமல் நாட்கள் ஓடும்.

3. மலம் வாசல் வரை வந்துவிடுகிறது, கதவுதான் திறப்பதில்லை. நாம் முக்கும்போது ஆசனவாய்த் தசை தளர வேண்டும். சிலருக்கு அது தளராமல் இறுகுகிறது. ஒரு கையால் கதவைத் தள்ளி, மறு கையால் தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது மாதிரி. பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் தீராத மலச்சிக்கல் நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த வகை இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

ஒருவருக்கே இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தும் இருக்கலாம்.

நார்ச்சத்து சாப்பிட்டும் சரியாகவில்லையே, ஏன்?

ஜெர்மனியில் 149 நோயாளிகளுக்கு இசப்கோல் வகை நார்ச்சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997-ல் வெளியானது. பரிசோதனைகளில் கோளாறு எதுவும் தெரியாதவர்களில் 85 சதவிகிதம் பேருக்கு குணம் தெரிந்தது. குடல் மெதுவாக இயங்கியவர்களில் 80 சதவிகிதம் பேருக்குப் பலன் இல்லை. வெளியேற்றுவதில் கோளாறு இருந்தவர்களில் 63 சதவிகிதம் பேருக்குப் பலன் இல்லை.

அதாவது நார்ச்சத்து நல்ல முதல் படி. அது கேட்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். வாசலில் நெரிசல் இருக்கும்போது உள்ளிருந்து இன்னும் ஆட்களை அனுப்பினால் என்ன ஆகும்? வயிறு உப்புவதும் அப்படித்தான்.

அதற்காக நார்ச்சத்தை ஒதுக்க வேண்டாம். நம்மில் பலருக்கு அதிலேயே பற்றாக்குறை. 2,000 கலோரி உணவுக்கு சுமார் 30 கிராம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கு. அதே நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராமில் உள்ள நார்ச்சத்து:

- வெள்ளை அரிசி: சுமார் 3 கிராம்
- கொய்யா: சுமார் 8.5 கிராம்
- கேழ்வரகு: சுமார் 11 கிராம்
- கோதுமை ஆட்டா: சுமார் 11 கிராம்
- முழுப் பாசிப்பயறு: சுமார் 17 கிராம்

டெல்லிக்கு வந்தும் மூன்று வேளையும் அரிசியை விடாத நம்மவர்கள் ஒரு வேளையை சப்பாத்திக்கும் பயறுக்கும் மாற்றினாலே கணக்கு நிறைய மாறும். ஒரேயடியாகக் கூட்டாமல், வாரம் வாரமாகக் கூட்டுங்கள். இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர்? உடலில் நீர் குறைவாக இருந்தால் உதவும். ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் நாலு லிட்டராக ஆக்கினால் பாத்ரூம் போவது மட்டும்தான் கூடும்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரையே காரணமாக இருக்குமா?

இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அலுமினியம் உள்ள ஆன்டாசிட், சில ரத்த அழுத்த மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள், ஓபியாய்டு வலி நிவாரணிகள் ஆகியவை மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியவை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை. இரும்பு மாத்திரை தேவைப்படும் இவர்களில் பலர், மலம் இறுகுகிறது என்பதாலேயே அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், ரத்தத்தில் கால்சியம் கூடுவது, பார்கின்சன் நோய் ஆகியவையும் காரணமாகலாம்.

எந்த மருந்து முதலில், எது பிறகு?

அமெரிக்காவின் இரண்டு பெரிய இரைப்பை குடல் மருத்துவ அமைப்புகள் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்துகளை ஆதாரத்தின் வலிமைப்படி பிரித்தது.

வலுவாகப் பரிந்துரைத்தவை: பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர், பிக்கோசல்ஃபேட், புருகாலோப்ரைடு, லினாகுளோடைடு, பிளெக்கனடைடு.

நிபந்தனையோடு பரிந்துரைத்தவை: நார்ச்சத்து, லேக்டுலோஸ் சிரப், சென்னா, மெக்னீசியம் ஆக்சைடு, லூபிப்ரோஸ்டோன்.

நம் ஊரில் பலருக்கும் முதலில் கிடைப்பது லேக்டுலோஸ். அது சிலருக்கு வாயுவை அதிகமாக்கும். அப்படியானால் பாலிஎத்திலீன் கிளைகாலுக்கு மாறலாமா என்று கேட்கலாம். இது குடலுக்குள் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகிறது. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மெக்னீசியம் மருந்துகளைத் தாங்களாக எடுக்கக் கூடாது.

நிலாவரைச் சூரணம் பழகிவிடுமா?

சென்னா வேறு எதுவும் இல்லை, நம் நிலாவரைதான். நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் விளைவதால் உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவெலி சென்னா' என்றே பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

இது குடல் நரம்பைத் தூண்டி வேலை செய்யும் மருந்து. சொன்ன அளவில் எடுத்தால் குடலை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு குடலின் உட்சுவர் கருத்துத் தெரியும். அது ஆபத்தில்லை, நிறுத்தினால் மெல்ல மறையும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: லேபிளில் அளவு இல்லாத பொடிகளை தினமும் கூட்டிக்கொண்டே போவது. வயிற்றுப்போக்காகி பொட்டாசியம் குறையலாம். தவிர, உண்மையான காரணம் வருடக்கணக்கில் மறைந்தே கிடக்கும். என் கதை அதுதான்.

கதவு திறக்காத வகைக்கு என்ன சிகிச்சை?

பயோஃபீட்பேக் பயிற்சி. ஆசனவாயில் மெல்லிய சென்சார் வைத்து, முக்கும்போது தசை இறுகுகிறதா, தளர்கிறதா என்று திரையில் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, வயிற்றால் அழுத்தவும் அதே நேரத்தில் கீழ்த் தசையைத் தளர்த்தவும் பழக வேண்டும். சில வாரங்களில் பல அமர்வுகள் இருக்கும்.

இந்த வகை நோயாளிகள் 109 பேரை வைத்து இத்தாலியில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் 80 சதவிகிதம் பேர் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். பாலிஎத்திலீன் கிளைகால் எடுத்தவர்களில் 22 சதவிகிதம்தான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதல் பரிசோதனைக்கு மெஷின் வேண்டாம். டாக்டர் கையுறை அணிந்து, விரலால் ஆசனவாயைப் பரிசோதித்து, "இப்போ முக்குங்க" என்பார். ஒரு நிமிட வேலை. தசை தளர்கிறதா, மூலமோ வெடிப்போ கட்டியோ இருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஏழு வருடத்தில் நான் பார்த்த ஐந்து டாக்டர்களில் ஒருவர்தான் இதைச் செய்தார். மற்றவர்கள் கேட்கவில்லை, கூச்சத்தில் நானும் கேட்கவில்லை. பெண்கள் பெண் மருத்துவரையோ, உடன் ஒரு செவிலியரையோ கேட்கலாம்.

தேவைப்பட்டால் அடுத்தது ஆசனவாய் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி, நீர் நிரப்பிய சிறு பலூனை வெளியேற்றும் சோதனை, குடலின் வேகத்தைப் பார்க்கும் மார்க்கர் எக்ஸ்-ரே. இந்தியர்களின் குடல் பொதுவாக வேகமாக நகர்த்துவதால், லக்னோவின் எஸ்ஜிபிஜிஐ மருத்துவர்கள் இந்த எக்ஸ்-ரேயை 36, 60-வது மணி நேரங்களில் எடுக்கும்படி முறையை மாற்றியமைத்தார்கள். அபாய அறிகுறி இல்லாத எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி தேவையில்லை.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

- காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே சுறுசுறுப்பாகும். அந்த நேரத்தை ஒதுக்குங்கள். உந்துதல் வந்தால் அடக்காதீர்கள்.
- வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் சின்ன ஸ்டூல் போட்டு முன்பக்கம் சாயுங்கள். 28 பேரை வைத்து 2003-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்கு சராசரியாக 51 விநாடியும், வெஸ்டர்ன் டாய்லெட்டில் 130 விநாடியும் ஆனது.
- ஐந்து, பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். போன் வெளியே இருக்கட்டும்.

முனிர்காவில் இருந்தால் எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள பொது மருத்துவரிடம் போனால் போதும். நான்கைந்து வாரம் முறையாக மருந்து எடுத்தும் பலன் இல்லை என்றால் இரைப்பை குடல் நிபுணர். முனிர்காவிலிருந்து மெஜந்தா லைனில் ஹவுஸ் காஸ், அங்கே யெல்லோ லைனுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் எய்ம்ஸ். எதிரிலேயே சஃப்தர்ஜங் மருத்துவமனை. அரசின் ஆன்லைன் முன்பதிவு இருக்கிறது, கூட்டத்துக்கும் காத்திருப்புக்கும் தயாராகப் போங்கள். மேனோமெட்ரியும் பயோஃபீட்பேக்கும் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள்: எந்தெந்த நாள் போனது, கட்டியா இளக்கமா, எவ்வளவு நேரம் முக்கினீர்கள், என்னென்ன மாத்திரை. வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினால் போதும். கூடவே ஒரு கேள்வி: "எனக்கு இருப்பது இந்த மூணுல எந்த வகை, டாக்டர்?"

எப்போது தாமதிக்கக் கூடாது?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த சோகை, 45-50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இருந்தால் சீக்கிரமே மருத்துவரைப் பாருங்கள். வயிறு வீங்கி, வாந்தி வந்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் உடனே எமர்ஜென்சி. அந்த நேரத்தில் பேதி மருந்து எதுவும் வேண்டாம்.

என் பிரச்னை மூன்றாவது வகை. பயிற்சிக்குப் பிறகும் மோசமான வாரங்கள் வருகின்றன, முக்கியமாக பயணத்தில். ஆனால் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருந்த டப்பாக்கள் இப்போது ஒன்றாகிவிட்டன. அந்த ஒரு நிமிடப் பரிசோதனையை முதல் வருடமே கேட்டிருக்கலாம்.

(இது பொதுத் தகவலுக்கான கட்டுரை. மருந்தைத் தொடங்கும், நிறுத்தும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.)