அழிய மறுக்கும் கோப்புகள்

கணினியில் ஒரு கோப்பையோ கோப்புறையையோ அழிக்குமாறு அதற்குரியவர் கட்டளையிட்ட பின்னும், இயக்கமுறைமை அக்கட்டளையை ஏற்காது விடுமாயின், அதனை அழிய மறுக்கும் கோப்பு என்பர். கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் சூழ, 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த கொட்டிவாக்கம் போன்ற பகுதிகளில், அலுவலகக் கணினியோடு வீட்டுக் கணினியும் பிழைப்புக்கு ஆதாரமாகிவிட்டமையால், இவ்விஷயம் நிபுணர்க்கு மட்டுமன்றிக் குடும்பத்தார்க்கும் தெரிந்திருத்தல் அவசியமாயிற்று. ஒவ்வொரு மறுப்புக்கும் பின்னே தக்கதொரு காரணம் இருக்கிறது. அதை ஆராயாது பலாத்காரமாக அழிக்க முற்படுவோரே வேண்டிய தகவல்களையும் சேர்த்து இழக்கின்றனர்.

மிகச் சாதாரணமான காரணம், அக்கோப்பு வேறொரு நிரலால் திறக்கப்பட்டிருப்பதாகும். விண்டோஸ் முறைமையில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே, பிறர் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்பதையும் தெரிவித்துவிடுகிறது; அழிப்பதற்கு இணங்காத நிரல், தன் பிடியை விடும்வரை எவர் கட்டளையும் செல்லாது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸோ, பெயரை உடனே நீக்கிவிட்டு, உள்ளடக்கத்தை மட்டும், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரல் மூடும்வரை காப்பாற்றுகிறது. பிடித்திருக்கும் நிரல் யாதெனக் கண்டறிய, மார்க் ரஸ்ஸினோவிச் என்பார் ஆக்கிய பிராசஸ் எக்ஸ்புளோரர் பெரிதும் உதவும். அஃது அடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுதியை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அப்பிடியை வெளியிலிருந்தே முறித்துவிடும் வசதி அதில் உண்டெனினும், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தகவல் சிதையக்கூடுமாதலால், நிரலை முறைப்படி மூடுவதே உத்தமம். அதற்கும் வழியில்லையெனில், கணினி மறுபடி தொடங்கும்போது ஏனைய நிரல்கள் எழுமுன்னரே அழிக்கும்படி, விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடாகிய ரிஜிஸ்ட்ரியில் குறித்துவைக்கும் உபாயம் ஒன்றுண்டு.

இரண்டாவது காரணம் அனுமதியின்மை. சென்னையின் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய வட்டைப் புதிய கணினியில் பொருத்துவோர், அதிலுள்ள கோப்புகள் முந்தைய கணினியின் பயனர் கணக்குக்கே உரியனவாக இருக்கக் காண்பர். நிர்வாகியாக நுழைந்து உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டால் தடை நீங்கும். ஆனால் ட்ரஸ்டட் இன்ஸ்டாலர் என்னும் கணக்குக்கு உரியவையாகக் காணப்படும் கோப்புகள் விண்டோஸின் சொந்த அங்கங்களாகையால், அவற்றைத் தொடாதிருக்க வேண்டும்.

தமிழில் பெயரிடுவோர் சிறப்பாக அறிய வேண்டியது பெயரால் நேரும் தடையாகும். விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை, வட்டின் எழுத்து முதலாக எல்லாம் சேர்த்து, 260 குறியீட்டு அலகுகளுக்குள் அடங்க வேண்டுமென்பது நெடுங்கால விதி. கண்ணுக்கு ஏழெழுத்தாகத் தோன்றும் ‘கொட்டிவாக்கம்’ என்னும் பெயர், உயிர்க்குறிகளும் புள்ளிகளும் யூனிகோடில் தனித்தனியே எண்ணப்படுதலால், பதின்மூன்று அலகுகளைக் கொள்கிறது. ஆகவே தமிழ்ப் பெயருள்ள கோப்புறைகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிவிட்டுப் பின்னர் மேலுள்ள ஒன்றன் பெயரை நீட்டினால், உள்ளே இருப்பவை எல்லையைக் கடந்து, திறக்கவும் அழிக்கவும் இயலாதனவாகின்றன. மேலுள்ள பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்குதலே இதற்கு எளிய பரிகாரம். 2016இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பொன்றிலிருந்து இவ்வரம்பைத் தளர்த்தும் அமைப்பும் கிடைக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையிலோ ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வதால், 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸ் அவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கொள்வதால், ஒன்றை அழித்தவர் மற்றொன்று நிற்பதைக் கண்டு, கோப்புறை மீண்டும் முளைத்ததென மயங்குவர். கட்டளைத் திரையில் பெயரைக் கையால் அடிப்பவர்க்கோ, கண்முன் இருப்பதே இல்லையென்னும் விடை கிடைக்கும். பெயரின் முதலெழுத்தை மட்டும் அடித்து மீதியைக் கணினியே நிரப்பும்படி டேப் விசையை அழுத்துவது இங்கு பயன் தரும்.

பெயரால் நேரும் தடை இன்னொன்றும் உண்டு. ‘கான்’ என ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயரில் கோப்புறை உண்டாக்க முடியாதென்பதை ஓர் இந்தியர் கண்டுபிடித்தாரென்றும், மைக்ரோசாஃப்டாருக்கே அதன் காரணம் விளங்கவில்லையென்றும் கூறிய மின்னஞ்சலொன்று ஒரு காலத்தில் நம் நாட்டில் கைமாறிக் கைமாறிப் பரவிற்று. உண்மையான காரணமோ அக்கற்பனையைக் காட்டிலும் சுவையுடையது. 1981இல் வந்த முதல் எம்.எஸ். டாஸில் கோப்புறைகளே இல்லை. விசைப்பலகையும் திரையும் சேர்ந்த கன்சோலுக்கு ‘கான்’, அச்சுப்பொறிக்கு ‘பிஆர்என்’ எனச் சாதனங்களுக்கும் கோப்புகளைப் போலவே பெயரிட்டிருந்தனர். 1983இல் கோப்புறைகள் வந்தபோது, பழைய நிரல்கள் கெடாதிருக்க, அப்பெயர்கள் எல்லாக் கோப்புறைகளிலும் செல்லுமாறு விடப்பட்டன. வேறு முறைமையிலிருந்தோ தந்திரமாகவோ அப்பெயருடன் ஒரு கோப்பு வந்து சேர்ந்தால், சாதாரண வழியில் அது அழியாது. பாதையின் முன்னே இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் ஒரு கேள்விக்குறியும் மற்றொரு பின்சாய்வுக் கோடும் இட்டு, பெயரை ஆராயாது ஏற்குமாறு செய்து அழித்தல் வேண்டும்.

கோப்பு முறைமையே பழுதுறுதல் கடைசிக் காரணம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நேர்ந்தாற்போல மின்சாரம் திடீரென அறுபடுகையில், எழுத்து பாதியில் நின்றுவிடும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறை தன் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைத்துப் பெரும்பாலும் தானே சீர்ப்படுத்திக்கொள்ளும். பென் டிரைவ்களில் காணப்படும் ஃபாட் முறைக்கு அத்தகைய குறிப்பேடு இல்லாமையால், ஜெராக்ஸ் கடையில் அவசரமாகப் பிடுங்கப்பட்ட பென் டிரைவில் பொருளற்ற பெயர்களோடு அழியாக் கோப்புகள் தோன்றும். வேண்டியவற்றை வேறிடத்தில் பிரதி செய்துகொண்டு செக்டிஸ்க் நிரலை ஓட்டினால் பெரும்பாலும் சீராகும். தன்னுள் இருக்கும் நினைவகச் சில்லு தேய்ந்து, படிக்க மட்டும் இசையும் நிலைக்கு வந்துவிட்ட பென் டிரைவில் எந்த மென்பொருளும் எதனையும் அழிக்காது. அதில் வங்கிக் கணக்கோ ஆதார் பிரதியோ இருக்குமாயின், சில்லை உடைத்த பின்னரே மின்கழிவில் சேர்க்க வேண்டும்.